பின்மூடியில் ஒரு பெயர்

(ஓசூரில் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். ஓசூரில் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பெரிய துணிச்சல். 1984-ல் டாடா குழுமமும் நம் மாநில அரசின் டிட்கோவும் கைகோத்து டைட்டனைத் தொடங்கின. ஆலை இந்த ஊருக்கு வந்தது. அந்த ஆலையில் கேஸ் செய்தவர்களும் டயல் பொருத்தியவர்களும் இந்த அரங்கிலேயே இருப்பதைச் சற்று முன்பு தெரிந்துகொண்டேன். தொழில் விஷயத்தில் நான் எங்காவது தவறினால் கேள்வி நேரம் வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

எடுத்துக்கொண்ட பொருள் சின்னதுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு வாட்ச் வாங்குகிறோம். அல்லது தாத்தாவுடையது, மாமனாருடையது என்று ஒன்று கைக்கு வருகிறது. நன்றாக ஓடுகிறது. ஆனால் வெளிக்கூடான கேஸ் முழுக்கக் கீறல். பாலிஷ் போடலாமா, அப்படியே விடலாமா? நூறு இருநூறு ரூபாய் வேலை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் போனதை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் இன்று உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்டு வந்திருக்கிறேன்.

என் அப்பா பேருந்து நடத்துனர். 1974-ல் ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். பதினேழு கல் வைத்த, தினமும் சாவி கொடுக்கும் வாட்ச். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் ஆலைதான், மாதச் சம்பளக்காரர் தன் காசில் வாட்ச் கட்டலாம் என்ற நிலையை நம் பக்கம் கொண்டுவந்தது. அதற்கு முன் ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் வாட்ச்கள் மாப்பிள்ளைக்குப் போடும் சீர் வரிசையில் மோதிரத்துக்குப் பக்கத்தில் வரும், இல்லாவிட்டால் வராது. அப்பாவுக்குச் சீர் செய்யும் வசதி மாமனார் வீட்டில் இல்லை. தானே வாங்கிக்கொண்டார்.

அந்த வாட்ச்சின் கேஸில் இருந்த கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். சாவி இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. சிறுவனாக இருந்தபோது எனக்குக் காரணம் தெரியாது. பிறகு ஒரு நாள் அவர் பேருந்திலேயே போகும்போது பார்த்தேன். சில்லறைக்காக இடது கையைத் தோல்பைக்குள் விட்டு விட்டு எடுக்கிறார். பையின் வாயில் இரும்புச் சட்டம். ஒவ்வொரு முறை கை உள்ளே போகும்போதும் வாட்ச் அந்தச் சட்டத்தில் உரசுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பயணிகள், எத்தனை சில்லறை, எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய பணிப் பதிவேட்டில் இல்லாத ஒரு பதிவு அந்தக் கேஸில் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வாட்ச்சை சர்வீஸுக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் உண்டு. அப்பா காம்பஸ் முள்ளை எடுத்து எஃகுப் பின்மூடியில் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கீறி வைத்திருந்தார். ‘ம. சு. 74’. ‘சு’வின் கடைசிச் சுழியில் முள் வழுக்கி ஒரு கோடு ஓரம் வரை ஓடியிருக்கும்.

2006-ல் அப்பா போனார். அடுத்த ஆண்டு அக்கா மகள் கல்யாணம். அப்பாவின் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. இப்படிக் கீறலோடு எப்படிக் கட்டுவது என்று ஒரு கடையில் கொடுத்து, ‘நல்லா பாலிஷ் போட்டுக் கொடுங்க’ என்றேன். மறுநாள் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் பின்மூடியைத் திருப்பினேன். என் முகம் தெரிந்தது.

கடைக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் என்ன கேட்டேனோ அதை அவர் ஒழுங்காகச் செய்தார். என்ன கேட்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கட்டிய பிறகு, ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் முனையில் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. துடைத்தேன், போகவில்லை. அது பித்தளை. கேஸ் எஃகு என்றே அதுவரை நினைத்திருந்தேன். பின்மூடி மட்டும்தான் எஃகு. மற்றது பித்தளை மேல் குரோம் முலாம். பாலிஷ் போடும் துணிச் சக்கரம் முலாமைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மிச்சத்தை என் சட்டைக் கை தின்றது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. இனி அதில் கற்றதைச் சொல்கிறேன்.

கீறலை எடுப்பது என்கிறோம். கீறலை எடுக்க முடியுமா? கீறல் என்பது உலோகம் இல்லாத இடம். இல்லாததை எப்படி எடுப்பது? தரையில் குழி விழுந்தால் மண் போட்டு நிரப்பலாம். பாலிஷ்காரரிடம் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: குழியைச் சுற்றி இருக்கும் தரை முழுவதையும் குழியின் ஆழத்துக்குச் செதுக்கி இறக்குவது. அப்போது குழி மறையும். தரை தாழ்ந்திருக்கும். நகம் தட்டாத மயிரிழைக் கீறல் என்றால் இறக்க வேண்டியது கொஞ்சம். நகம் மாட்டுகிற ஆழமான வெட்டு என்றால் அந்த ஒரு வெட்டுக்காகப் பக்கம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

நகைக் கடையில் இதற்கு நமக்கு நல்ல சொல் ஒன்று உண்டு. சேதாரம். ராவும்போதும் மெருகு போடும்போதும் பொன் குறைகிறது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் அதற்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள். கோவையில் நகைப் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை வாரி அலசித் தங்கத் துகள் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மெருகு என்றால் என்ன என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் சட்டியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வளையலில் சேதாரத்தைக் கணக்குப் பார்க்கிற நாம், வாட்ச்சைக் கொடுக்கும்போது மட்டும் ஏதோ துடைத்துத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். எடை குறைவது பெரிய நஷ்டம் இல்லை. உருவம் போவதுதான் நஷ்டம். நல்ல கேஸ் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல்பக்கம் ஒரே திசையில் மெல்லிய கோடுகளாக இழைத்து மங்கலாக இருக்கும். பக்கவாட்டு கண்ணாடி மாதிரி மின்னும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பு, கத்தி மாதிரி. சில வாட்ச்களில் அந்த விளிம்பையும் சாய்வாகச் சீவி ஒரு மெல்லிய பட்டை விட்டிருப்பார்கள். வடிவமைத்தவரின் கை அங்கேதான் இருக்கிறது. துணிச் சக்கரம் மெத்தென்று இருப்பதால் தளத்தோடு நிற்காது. விளிம்பைத் தாண்டி வழிந்து மறுபக்கம் இறங்கும். ஒரு முறை போட்டால் விளிம்பு மழுங்கும். மூன்று முறை போட்டால், குளியலறையில் பாதி கரைந்த சோப்பு மாதிரி ஆகிவிடும். காதில் ஸ்ட்ராப் கம்பிக்காகப் போட்ட ஓட்டை ஓரத்துக்கு நெருங்கி வந்து, வாய் அகன்று தெரியும். பழைய வாட்ச் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த ஓட்டையைத்தான். விற்பவர் என்ன சொன்னாலும் ஓட்டை உண்மையைச் சொல்லிவிடும்.

மெருகை நான் தாழ்த்திப் பேசவில்லை. அது பெரிய கலை. 1967-ல் வந்த சீக்கோவின் 44ஜிஎஸ் மாதிரியைப் பார்த்தால் புரியும். துணிச் சக்கரத்தை விட்டு, சுழலும் தட்டையான தட்டில் கேஸை அழுத்தி, தளம் கொஞ்சமும் வளையாமல், விளிம்பு மழுங்காமல் மெருகு ஏற்றும் ஸரட்சு முறை அங்கே கொடிகட்டிப் பறக்கிறது. எந்தக் கோணத்தில், எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்பது ஆண்டுக்கணக்கில் கைக்குப் படிய வேண்டிய வித்தை. இழந்த உலோகத்தை லேசர் வெல்டிங்கால் துளித் துளியாகச் சேர்த்து, பிறகு பழைய கோணத்துக்குச் சீவும் பட்டறைகளும் இன்று உலகில் உண்டு. ஆனால் தெருமுனையில் கிடைப்பது மோட்டாரில் மாட்டிய துணிச் சக்கரமும் ஒரு கட்டி மெழுகும்தான். பலர் மெஷினைக் கழற்றாமலே சக்கரத்தில் பிடித்துவிடுவார்கள். சூடும் உலோகத் துகளும் உள்ளே போகும்.

முலாம் வாட்ச்சுக்கு வருவோம்; நம் வீடுகளில் இருப்பவற்றில் நிறைய அதுதான். பழைய சுவிஸ் வாட்ச்கள் பலவற்றில் ‘20 மைக்ரான்’ என்று பொறித்திருக்கும். தங்க முலாமின் கனம் அது. தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மயிரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் எதை இறக்குவது? முலாம் வாட்ச்சுக்கு பாலிஷ் கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கெட்டித் தங்கக் கேஸ், வெள்ளிக் கேஸ் என்றால் தேய்க்கலாம்தான். ஆனால் தர முத்திரை அதில்தான் இருக்கிறது. அது மழுங்கினால் பிறகு அது தங்கம் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்தான் சான்று.

இனி ஒரு பெயரைச் சொல்கிறேன். நடிகர் மார்லன் பிராண்டோ. ‘அபோகலிப்ஸ் நவ்’ படம் 1979-ல் வந்தது. அதில் கர்னல் கர்ட்ஸாக அவர் கையில் இருந்தது ஒரு ரோலக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர். கண்ணாடியைச் சுற்றி இருக்க வேண்டிய எண் வளையம் அதில் இல்லை, அவரே பிடுங்கிவிட்டார். பின்மூடியில் தன் பெயரைத் தானே கீறியிருந்தார். ‘எம். பிராண்டோ’ என்று, கோணல்மாணலாக. பிறகு அதை மகளுக்குக் கொடுத்தார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் அதை ஏலம் விட்டபோது, 19 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே ஏலக்காரர்கள் நடிகர் பால் நியூமனின் டேடோனா வாட்ச்சை ஏறத்தாழ ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அதன் முதுகில், பத்திரமாக ஓட்டு என்று மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் இருந்தது.

பிராண்டோவின் வாட்ச்சின் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தால் இல்லை. அந்த எழுத்துகளின் கோணலால். காம்பஸ் முள்ளோ வேறு ஏதோ கூர்முனையோ, எஃகில் வழுக்கி வழுக்கிப் போனால் எழுத்து எப்படி வருமோ அப்படி இருந்தது. அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. எஃகு ஒன்றுதான், முள் ஒன்றுதான், தன் பொருள் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற நினைப்பும் ஒன்றுதான். அவருடையதை உலகம் காப்பாற்றியது. எங்கள் வீட்டில் இருந்ததை நான் காப்பாற்றவில்லை.

நடிகருக்குச் சரி, நமக்கு எதற்கு என்று இங்கே சிலர் நினைக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனவர்களைக் கேட்கிறேன். சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து வந்தவற்றில் பச்சை படர்ந்திருக்கும். நகை வேலைப்பாடு கூர்மையாக இருக்கும். கோயிலில் நூற்றாண்டுகளாக அபிஷேகம் கண்ட திருமேனியில் மூக்கும் கன்னமும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இரண்டும் அழகு. இரண்டும் உண்மை. ஆனால் தேய்ந்த கண்ணை உளி வைத்துப் புதிதாக வெட்டிய திருமேனிகளும் சில உண்டு. அதைப் பார்த்தால் மனசு ஒட்டாது. கை தேய்த்த தேய்வு வேறு, கருவி தேய்த்த தேய்வு வேறு. முதலாவதில் ஆள் இருக்கிறார். திருப்பணி என்ற பெயரில் கருங்கல் தூண்கள் மேல் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்த காலம் ஒன்று நம் கோயில்களில் இருந்தது. கல் வெள்ளையாகப் பளிச்சென்று ஆனது. கல்வெட்டு எழுத்து மழுங்கியது. நானூறு ஆண்டு அழுக்கோடு எண்ணூறு ஆண்டு எழுத்தும் போனது. தொல்லியல் அறிஞர்கள் தொண்டை வற்றக் கத்தினார்கள். என் அப்பாவின் பின்மூடியில் நான் செய்ததும் அந்தத் திருப்பணிதான்.

போன மாதம் வேறொரு ஊரில் இதையே பேசி முடித்ததும் ஒரு இளைஞர் எழுந்தார். ‘ஐயா, உங்க அப்பா வாட்ச் சரி. நான் யாரோ முகம் தெரியாதவர் கட்டின வாட்ச்சைக் காசு கொடுத்து வாங்கறேன். அவர் பட்ட கீறலை நான் எதுக்குச் சுமக்கணும்?’ என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

தம்பி, வாட்ச் உங்களுடையது. பாலிஷ் போட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இப்போதைய எஃகு வாட்ச், கனமான கேஸ், கூடை கூடையாகச் செய்து விற்றது என்றால், நல்ல கை தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை கொடுப்பதில் குற்றம் இல்லை. விளிம்பில் பிசிறு நின்று மணிக்கட்டைக் கிழிக்கிறது என்றால் அதை மட்டும் மழுக்கத்தான் வேண்டும். ஆனால் முகம் தெரியாதவர் என்கிறீர்கள் பாருங்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். முகம் தெரியாவிட்டாலும் கை தெரியும். சாவிப் பக்கம் கீறியிருக்கிறதா, ஆறு மணிப் பக்கமா? மேஜையில் கை வைத்து எழுதியவரா, ஸ்பேனர் பிடித்தவரா? கேஸைத் திறந்தால் பின்மூடியின் உட்பக்கம் இன்னொரு கூட்டமே இருக்கும். பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஊசிமுனையால் தேதியோ தங்கள் அடையாளமோ கீறி வைப்பார்கள். கடுகளவு எழுத்து. ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து இருக்கும். அந்த வாட்ச்சின் மருத்துவச் சீட்டு அது. அதைப் படிக்காமல் அழிக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

அதனால் நான் சொல்லும் வழி இது. வாங்கியதும் ஒரு ஆண்டு எதுவும் செய்யாதீர்கள். அழுக்கை மட்டும் எடுங்கள். கீறல் என்று நாம் நினைப்பதில் பாதி, காதுக்கு உள்ளேயும் மூடி விளிம்பிலும் அப்பியிருக்கும் பழைய வியர்வை அழுக்குதான். பல்குத்தும் குச்சியும் உலர்ந்த மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பழைய வாட்ச்சைத் தண்ணீரில் காட்ட வேண்டாம். கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் தாராளமாக மெருகு போடுங்கள். பாலிவாட்ச் என்றொரு பசை இருக்கிறது. இல்லாவிட்டால் வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் தொட்டுச் சுழற்றித் தேய்த்தாலே தெளிந்துவிடும். தேய்ந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றுவதற்கென்றே செய்தது அது. சாதாரணக் கண்ணாடி கீறினால் மாற்றுவதே வழி. சஃபையர் கண்ணாடி அநேகமாகக் கீறாது. கடினத்தில் அது மோஸ் அளவில் 9, நம் தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. எஃகும் சாதாரணக் கண்ணாடியும் அந்த ஏழுக்குக் கீழே இருப்பதால்தான், சும்மா மேஜையில் வைத்து எடுத்தாலும் அவற்றில் கோடு விழுகிறது. பாலிஷ் போட்டு வந்த மறுநாளே அது தொடங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. 1960-களிலோ அதற்கு முன்போ வந்த, இருட்டில் ஒளிரும் டயல் என்றால் அதில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளி போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது. திறந்து சுரண்டவே கூடாது.

டயல் என்றதும் இன்னொன்று. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய எச்.எம்.டி.களுக்கு ஆசைப்படுபவர்கள் பெருகிவிட்டார்கள். பச்சை, சிவப்பு, மயில் நீலம் என்று பளபளக்கும் டயலோடு நிறைய விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டிப் புது வண்ணம் அடித்தவை. சேகரிப்பவர்கள் பம்பாய் ஸ்பெஷல் என்பார்கள். பாலிஷ் போட்ட கேஸும் வண்ணம் அடித்த டயலும் சேர்ந்து வந்தால், உங்கள் கைக்கு வருவது 1975-ஆம் ஆண்டு வாட்ச் இல்லை. போன மாதத்து வாட்ச். சுவிஸ் நிறுவனங்களின் சர்வீஸ் நிலையத்துக்கே கொடுப்பதாக இருந்தாலும் கவனம் வேண்டும். பல இடங்களில் பாலிஷ் சர்வீஸோடு சேர்ந்தே வரும். வேண்டாம் என்றால் வாயால் சொன்னால் போதாது. ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஒரு ஆண்டு கழித்து என்ன ஆகும் தெரியுமா, தம்பி? முன்பு கட்டியவருடைய கீறல்களுக்கு நடுவே உங்களுடையது நாலு விழுந்திருக்கும். பைக் சாவி பட்டது, கதவு இடுக்கில் மாட்டியது, குழந்தை கீழே போட்டது. எது யாருடையது என்று உங்களுக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகும் பாலிஷ் போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். அப்போது என்ன போகிறது என்று தெரிந்து போடுவீர்கள்.

அப்பாவின் வாட்ச்சை இன்று கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். காதுகளில் பித்தளை தெரியும். மறுபடி முலாம் போடலாம் என்று பலர் சொன்னார்கள், போடவில்லை. பின்மூடியில் அந்தப் பெயரைத் திரும்பப் பொறித்துக் கொடுக்கிறேன் என்று என் மகன் கேட்டான். என் கையெழுத்திலோ மிஷின் எழுத்திலோ அப்பாவின் பெயர் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று. முள் வழுக்கி ஓரம் வரை ஓடிய கோடு என்றேனே, அது மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் ஆழம். ஓரத்தை ஒட்டி அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு அது மட்டும் மிச்சம் இருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். இன்னும் அரை மணி நேரம் வெயில் இருக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் அந்த மேற்கு ஜன்னல் பக்கம் வாருங்கள்.